சும்மா மாமாவுக்கு இன்னொரு போர்வை

கப்பலிலிருந்து வந்த செய்தி சின்னதுதான். அக்காவின் அறையில் இரண்டாவது படுக்கையில் இருக்கும் பெரியவர் இன்னொரு போர்வை கேட்டார், கொடுத்துவிட்டோம், அவருக்குக் குளிர் ஆகாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததற்கு நன்றி, வேறு ஏதாவது தேவையென்றால் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். பாப்பா அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. ஏனென்றால் அந்த இரண்டாவது படுக்கையில் யாரும் கிடையாது. அப்படி ஒரு பெரியவரே உலகத்தில் கிடையாது. பாப்பாவும் அவளோடு வேலை பார்க்கிறவர்களும் சேர்ந்து உண்டாக்கிய ஆள் அவர்.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். காதோரம் நரைத்தாயிற்று. அக்கா அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அக்கம்பக்கம் முதல் ஆபீஸ் வரைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. கண்ணாடிக் கதவு, வரிசையாக மேஜைகள், சுவரில் கடலும் மலையுமாகப் படங்கள், மூலையில் ஒழுகும் ஏசிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த வாளியில் நாளெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் அந்தச் சத்தம் பைத்தியம் பிடிக்க வைக்கும். பிறகு காதுக்குப் பழகிவிடும்.

அந்தப் பெரியவர் உண்டான கதை இதுதான். சில அறைகளை இரண்டு பேர் என்றால்தான் தருவார்கள். ஒற்றை ஆள் கேட்டால் கம்ப்யூட்டர் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்றுவிடும். அதனால் இரண்டாவது ஆளாக ஒரு பெயரைப் போட்டு அறையைப் பிடித்துவிட்டு, புறப்படுகிற அன்று அவர் வரவில்லை என்று எடுத்துவிடுவார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொள்கிற அறைக்காரனுக்கு இதில் என்ன வந்தது? ஒவ்வொரு தடவையும் புதுப் பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, எல்லாரும் ஒரே ஆளைப் போட்டார்கள். வருஷக்கணக்கில் ஆளாளுக்கு அவருக்கு ஏதாவது சேர்த்தார்கள். அறை வெதுவெதுப்பாகக் கிடைக்கட்டும் என்று ஒருத்தி குளிர் தாங்காது என்று எழுதினாள். இன்னொருத்தி ஜன்னலோரம் பிடிக்கும் என்றாள். உயரம், பிறந்தநாள், அதிகம் பேசமாட்டார் என்பது வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது. முகம் எப்படி என்று மட்டும் யாரும் எழுதவில்லை. அதற்கு அங்கே இடம் இல்லை.

சும்மா மாமா என்று பெயர் வைத்தது சீனியர். ஆபீஸிலேயே பழைய ஆள், ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு இருமல் இருமுகிற மனிதர். மாமாவை எடுக்கும்போதெல்லாம் திரையைப் பார்த்து, "மாமா, இந்தத் தடவை வேண்டாம். இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்பார். புதிதாக வருகிறவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சொல்லாமல் எடுத்தால் பெரிய மனிதரை வாசலோடு திருப்பி அனுப்பிய மாதிரி மனசு உறுத்தும். பாவம், எல்லா ஊருக்கும் கூப்பிடுகிறோம், ஒரு ஊரையும் காட்டவில்லையே என்று சீனியர் டீ குடிக்கும்போது சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள்.

அக்கா கணக்கு டீச்சராக இருந்தவள். அம்மா போனபிறகு பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, தனக்கென்று ஒரு கல்யாணப் பேச்சை எடுக்கவிடாமல் வளர்த்தவள். காதுக்கம்பியில் வெள்ளை நூல் சுற்றிய சோடாபுட்டிக் கண்ணாடி போட்டும் இப்போது அவளுக்கு முகங்கள் தெரிவதில்லை. வெளிச்சம் தெரியும், பெரிய உருவங்கள் தெரியும். அதுவும் போய்விடும், பார்க்க வேண்டியதை எல்லாம் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அக்கா அழவில்லை. பனிமலை உடைந்து கடலில் விழுவதைப் பார்க்க வேண்டும், திமிங்கிலம் பார்க்க வேண்டும், அவை பெரிசு பெரிசாக இருக்கும், தனக்குத் தெரியும் என்றாள். வாழ்க்கையில் அவள் பாப்பாவிடம் கேட்ட முதல் விஷயம் அது.

பாப்பா தேடாத கப்பல் இல்லை. கோடைக்கு எல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டன. கடைசியில், இரண்டே நாளில் புறப்படும் கப்பல் ஒன்றில் யாரோ வராமல் போய் ஒரே ஓர் அறை காலியானது. இரண்டு பேருக்கான அறை. பாப்பாவும் போயிருக்கலாம். பள்ளிக்கூட விடுமுறை நேரம், ஆபீஸ் வாசலில் கூட்டம் நெரிகிறது, லீவு என்ற வார்த்தையை எடுத்தாலே முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சும்மா மாமாவைப் போட்டாள். விலாசம் கேட்டது, வீட்டு விலாசத்தையே கொடுத்தாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டது, தன் நம்பரைக் கொடுத்தாள்.

புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் அக்கா ஒரு படியைத் தவறவிட்டாள். விழவில்லை. ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு மேஜையில் உட்காரவே முடியவில்லை. முன்பின் தெரியாத கப்பல், கண் தெரியாத அக்கா, நான்கு பக்கமும் கடல். மாமாவை எடுக்க வேண்டிய வேளை வந்தது. கை போய்ப் பாதியில் நின்றது. யாரும் கவனிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, திரையிடம் சொன்னாள்.

"மாமா, இந்தத் தடவை நீங்க போங்க. அக்கா தனியா போறா. கூட இருங்க."

அவரை எடுக்காமலே விட்டுவிட்டாள். ஆள் வராவிட்டால் கப்பல்காரர்களே எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

இப்போது போர்வை கேட்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். வேறு அறைச் செய்தி மாறி வந்திருக்கும் என்று பாப்பா நினைத்தாள். அவ்வளவு பெரிய கப்பலில் ஆயிரம் குளறுபடி நடக்கும். ஆனால் குளிர் ஆகாது என்பது? வாளியில் தண்ணீர் சொட்டியது. இத்தனை வருஷம் காதில் விழாத சத்தம் அன்று ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். ராத்திரி என்பதே வருவதில்லை, சூரியன் கடல் விளிம்பு வரை வந்துவிட்டுத் திரும்பவும் மேலே போய்விடுகிறது, பனி நீலமாக இருக்கிறது, வெள்ளை இல்லவே இல்லை, நீலம், தனக்கே தெரிகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். கடல்நாய்கள் மிதக்கும் பனிக்கட்டிமேல் படுத்திருந்தனவாம், அவற்றைத் தனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாராம். பாப்பா உம் கொட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"யாரு காட்டினாங்க அக்கா?"

"அவர்தான். துணைக்கு ஆள் அனுப்பியிருக்கேன்னு நீ ஏண்டி முன்னாடியே சொல்லல? பொம்பளை ரூம்ல ஆம்பளையான்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் அவரே சொன்னார், 'உங்க தங்கச்சிதான் போகச் சொன்னாங்க. அக்கா தனியா போறா, கூட இருங்கன்னாங்க' அப்படின்னு."

அந்த வார்த்தைகளைப் பாப்பா வேறு யாரிடமும் சொல்லவில்லை. சீனியரிடம்கூடச் சொல்லவில்லை. ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். தனக்கு எங்கே முகம் தெரிகிறது என்று அக்கா சிரித்தாள். நல்ல உயரம். பேச்சு குறைவு. பக்கத்தில் வந்தால் ஈரத்துணி வாடை வருகிறது, எத்தனை போர்வை போர்த்தினாலும் நடுங்குகிறார், ஜன்னலோரப் படுக்கையை ஆசையாகக் கேட்டார், கொடுத்துவிட்டேன், நடுவில் திரை போட்டிருக்கிறார்கள், பயப்படாதே என்றாள். பயப்படாதே என்று அக்கா சொன்ன அந்த நிமிஷம்தான் பாப்பாவுக்கு நிஜமாகப் பயம் வந்தது.

கப்பலுக்கு அடித்துப் பிடித்துப் பேசினாள். அங்கே பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். ஐயாவும் அம்மாவும் சேர்ந்துதான் ஏறினார்கள், ஐயா அம்மாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார், பார்க்கவே நன்றாக இருந்தது என்றாள். அக்காவுக்கு வேறு அறை கேட்டதற்கு, கிடையாது என்றாள். ஐயாவைப்பற்றி அம்மா ஏதாவது குறை சொன்னார்களா என்று அவளே திருப்பிக் கேட்டாள். ஐயா என்று ஒருத்தர் இல்லவே இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பாப்பா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் சீனியரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மாமாவுக்கு ஒருவழியாக யோகம் அடித்துவிட்டதா என்று அவர் கேலியாகத்தான் ஆரம்பித்தார். கப்பலின் செய்தியைக் காட்டினாள். படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரும்பவும் படித்தார். அந்த மனிதர் அவ்வளவு நேரம் இருமாமல் இருந்து பாப்பா பார்த்ததில்லை.

"எடுத்துடு பாப்பா," என்றார். "இப்பவே எடுத்துடு."

எடுக்க வரவில்லை. ஏறிவிட்டவரை எடுக்க முடியாது என்றது கம்ப்யூட்டர். திரும்ப அழுத்தினாள். திரும்ப அதே பதில். சீனியர் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எப்போதும் சொல்வதைச் சேர்ந்து சொன்னார்கள். மாமா, இந்தத் தடவை வேண்டாம். இன்னொரு தடவை பாத்துக்கலாம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பாப்பா அழுத்தினாள். திரை வெகுநேரம் யோசித்தது. பிறகு, அறையில் இருவர் என்று இருந்த இடத்தில் ஒருவர் என்று வந்தது.

அப்பாடா என்று பாப்பா நாற்காலியில் சாய்ந்தாள். மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொண்டு திரையை மூடிவிட்டாள். சீனியர் டீ வாங்கிக் கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போய், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

மறுநாள் காலை, ஆபீஸில் இருக்கும்போது அக்கா கூப்பிட்டாள். குரலில் சின்ன வருத்தம் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் தனக்குத் தட்டு வைக்கவில்லை என்றாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாளாம், பரிமாறுகிறவன் தாண்டித் தாண்டிப் போனானாம். கிழவியை யார் கண்டுகொள்கிறார்கள் என்று அவளே அதைச் சிரித்து ஒதுக்கினாள். அறைக் கதவு அட்டையும் வேலை செய்யவில்லையாம், அவர் வந்து திறந்துவிட்டால்தான் உள்ளே போக முடிகிறதாம்.

அவர். அவர் இன்னும் இருக்கிறார்.

நல்லவர்தான், ஆனால் அவருக்கு மனக்குறை நிறைய என்று அக்கா சொல்லிக்கொண்டே போனாள். "நீங்க எல்லாரும் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசலோட விட்டுட்டீங்களாமே. எத்தனை ஊரு. எல்லாத்துக்கும் கிளம்பி வந்து நின்னாராம். அந்த வாளியில தண்ணி சொட்டுற சத்தம் மட்டும்தான் கேட்டுக்கிட்டே இருக்குமாம். ஏண்டி அப்படிப் பண்ணீங்க?"

பாப்பா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, திரையைத் திறந்தாள். அக்காவின் அறை. ஒருவர். சும்மா மாமாவின் பெயர். அதன் கீழே, வெளிறிப்போன எழுத்தில், அக்காவின் பெயர், எதிரே 'வரவில்லை' என்ற குறிப்பு.

திரும்பச் சேர்க்கப் பார்த்தாள். ஒருவரே இருந்தும், அறை நிரம்பிவிட்டது என்றது கம்ப்யூட்டர். வேறு எந்த அறையும், எந்த மூலையும், எதுவும் இல்லை. கப்பலில் ஆட்கள் கணக்கு சரியாக இருக்கிறதாம். யாரும் குறையவில்லையாம். போனில் அந்த மரியாதையான பெண் அப்படித்தான் சொன்னாள். அம்மா ஏறவே இல்லை, ஐயா மட்டும்தான் வந்தார், அவருக்குத் திமிங்கிலங்கள் மிகவும் பிடித்திருந்தன என்று சொல்லிவிட்டு, அவளுடைய கவலைக்கு வருத்தம் தெரிவித்தாள். சேர்ந்து ஏறினார்கள், கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று நீதானே சொன்னாய் என்று பாப்பா கத்தினாள். தான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்றாள் அந்தப் பெண்.

அன்று மத்தியானம் ஆபீஸ் நிறைய ஆட்கள். விடுமுறைக்குப் போகிறவர்களின் சத்தம், பிள்ளைகளின் அழுகை. நடுவில் பாப்பாவின் போன் அடித்தது. எடுத்ததும் காற்று. அத்தனை காற்று. அதற்குள் எங்கோ அக்கா.

மேல்தளத்தில் நிற்கிறாளாம். எதிரே பனிமலை. உடையப் போகிறது, எல்லாரும் பின்னால் வாருங்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். எல்லாரும் போய்விட்டார்களாம்.

"என்னை யாரும் கூப்பிடல பாப்பா."

"அக்கா, நீ உள்ள போ. யார் கையையாவது பிடிச்சுக்கோ. போக்கா."

"எங்க போறது, ஒண்ணும் தெரியல. கண்ணாடியை அவர் கேட்டார், குடுத்துட்டேன். அவர் எதையுமே பார்த்ததில்லையாமே. பாவம்டி."

பிறகு ஒரு சத்தம். பெரிய மரம் முறிகிற மாதிரி, நீளமாக. தண்ணீர். பிறகு ஒன்றும் இல்லை. பாப்பா அக்கா அக்கா என்று அலறினாள். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. சீனியர் ஓடிவந்து அவள் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தார். அவருக்கு வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம்தான் கேட்டதாம். திரும்பி மூலையைப் பார்த்தார். ஏசி நின்றிருந்தது. வாளி காய்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு பாப்பா போகாத இடமில்லை. போலீஸில் சொன்னாள். கப்பல் கம்பெனியில் சொன்னாள். ஏறாத ஒருத்தியைக் கப்பலில் எப்படித் தேடுவது என்று எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். அக்கா திரும்ப வேண்டிய நாளில் விமான நிலையத்துக்குப் போனாள். கதவு திறந்து திறந்து மூடியது. தாத்தாக்கள், குழந்தைகள், தள்ளுவண்டிகள். ஒவ்வொரு நரைத்த தலைக்கும் பாப்பாவின் நெஞ்சு எழுந்து உட்கார்ந்தது. கடைசி ஆளும் போனபிறகு துடைக்கிறவர்கள் வந்தார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

நல்ல வெயில். தெருவில் தார் இளகிக் கிடந்தது. மாடிப்படியில் மட்டும் ஈரம். ஒவ்வொரு படியிலும். கைப்பிடிக் கம்பியைத் தொட்டாள், சில்லென்று கை ஒட்டியது. மேலே வீட்டுக் கதவு திறந்திருந்தது. கதவோரம் அக்காவின் பெட்டி. சிவப்பு ரிப்பன், பாப்பாவே கட்டியது. பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அக்கா வந்துவிட்டாள்.

அப்படித்தான் நினைத்தாள். கடவுளே, அப்படித்தான் நினைத்தாள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஜன்னலோரம் அக்காவின் நாற்காலி. அதில் உயரமாக ஒருவர். போர்வைமேல் போர்வை. நடுக்கம். ஈரத்துணி வாடை. தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக, விருந்துக்கு வந்தவர் மாதிரி கூச்சத்தோடு, இவள் பக்கம் திரும்பினார்.

சோடாபுட்டிக் கண்ணாடி. அக்காவுடையது. அதன் காதுக்கம்பியில் அக்கா சுற்றிய வெள்ளை நூல். கண்ணாடிக்குப் பின்னால், யாரும் எழுதாமல் விட்ட இடம், அப்படியே இருந்தது.

"அக்கா இந்தத் தடவை வேண்டாம்," என்றது அந்த இடம். சீனியரின் இருமல் இருந்தது அதில். பாப்பாவின் குரலும் இருந்தது. "இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

கையில் போன் அடித்தது. அடித்தது. விரல் தானாக அழுத்தியது. காற்று. வெகுதூரத்தில், கடிந்துகொள்ளத் தெரியாத அந்தக் குரல்.

"பாப்பா, எல்லாரும் எறங்கிட்டாங்கடி. நான் வரிசையிலதான் நிக்கிறேன். வாசல்லயே. என் பேரை எப்போ கூப்பிடுவாங்க? ரொம்பக் குளிருது."

பாப்பா அக்காவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். பெயர் நினைவுக்கு வரவில்லை. அக்கா, அக்கா என்று மட்டும்தான் வந்தது. ஜன்னலோரத்தில் அவர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளியே போகிறவர்களை ஒவ்வொருவராக ஆசையோடு பார்த்தார். பிறகு, திரும்பாமலே, இன்னொரு போர்வை கேட்டுக் கையை நீட்டினார்.